முதுகிலிருந்து இறங்கிய சுமை: மலையகத் தேயிலைத் தோட்டங்களில் ட்ரோன் மருந்தடிப்பும் பாதுகாப்புச் சாதனங்களும்

மலையகத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி தொழிலின்பொருட்டுத் தன் உடல்மீது இட்டுக்கொண்ட காப்பு யாது என வினவின், நெடுங்காலத்துக்குக் கம்பளியையும் படங்கையும் தவிரப் பிறிதொன்றைக் குறிப்பிட இயலாது. நுவரெலியாவின் குளிரிலும், ஹற்றன், நோர்வூட், மஸ்கெலியாப் பகுதிகளின் விடாமழையிலும் கொங்காணியாக மடித்துத் தலையிலிட்ட கம்பளி மழையையும் கூடைக்கயிற்றின் அழுத்தத்தையும் ஓரளவு தாங்கிற்று. இடுப்பைச் சுற்றிக் கட்டிய சாக்குப் படங்கு, தேயிலைச் செடியின் முரட்டுக் கிளைகளின் கீறலிலிருந்து காலைக் காத்தது. சாக்கின் இடத்தைப் பின்னர் பிளாஸ்டிக் தாள் பெற்றுக்கொண்டது. படங்கு தொழிலாளர் தம் அனுபவத்தால் அமைத்துக்கொண்ட ஒன்று. கம்பளியோ தோட்டத்தினரால் வழங்கப்பட்டபோதும் அதன் விலை தொழிலாளியின் கணக்கிலேயே பற்றெழுதப்பட்டு வந்தது. தோட்டத்தில் பாதுகாப்பு என்பது யாருடைய பொறுப்பாகக் கருதப்பட்டது என்பதை இச்சிறு செய்தி ஒன்றே காட்டிவிடும்.

அண்மை ஆண்டுகளில் மலையகத்தின் சில தோட்டங்களில் கொழுந்து மலைகளின்மேல் ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி பறந்து உரக்கரைசலையும் நோய்த்தடுப்பு மருந்தையும் தெளிக்கத் தொடங்கியுள்ளது. எந்திரத்தோடு கூடவே தலைக்கவசம், கண்காப்புக் கண்ணாடி, ஒளிரும் மேலங்கி, கையுறை எனச் செலுத்துநருக்கான சாதனங்களின் பட்டியலொன்றும் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துள்ளது. அச்சாதனங்கள் எவை, அவை எவ்வாறு தொழிற்படுகின்றன, அவற்றாற் காக்கப்படுவோர் யார், விடுபட்டுப் போவோர் யார் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இவற்றுள் இறுதி வினாவே எமக்கு முதன்மையானது.

ட்ரோனை விளங்கிக்கொள்வதற்கு அது எதன் இடத்தைப் பிடிக்க வந்துள்ளது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தேயிலைத் தோட்டத்தில் மருந்தடிப்பு ஆதிமுதலே இருந்துவந்த தொழிலன்று. தேயிலைச் சுருட்டுப்புழுவுக்கு எதிராக 1930களின் நடுப்பகுதியில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியொன்று கொணர்ந்து விடப்பட்டது. நஞ்சு தெளிக்காமலே பீடையை அடக்கிய அம்முயற்சி, உலகில் வெற்றிபெற்ற உயிரியற் கட்டுப்பாட்டு முயற்சிகளுள் ஒன்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றது. 1946இல் கொப்புள நோய் இலங்கையை வந்தடைந்தபோது நிலைமை மாறிற்று. பனியும் ஈரமும் நிறைந்த உயர்நில மலைகளில் இளங்கொழுந்தையே தாக்கும் அப்பூஞ்சண நோய்க்குச் செப்புச் சேர்வைகளைத் தெளிப்பதே மாற்றாயிற்று. 1962இல் பரக்குவாற் உலகச் சந்தைக்கு வந்ததைத் தொடர்ந்த காலத்தில், மண்வெட்டியும் சுரண்டியும் கொண்டு செய்யப்பட்டுவந்த புல்வெட்டு வேலையின் பெரும்பகுதியைக் களைநாசினி பிடித்துக்கொண்டது. புல்வெட்டுக் கொந்தராப்பில் பலர் பல நாட் செய்த வேலையை மருந்துத் தாங்கி சுமந்த சிலர் விரைந்து முடித்தனர். இவ்வாறே மருந்தடிப்போர் என்ற தொழிற்பிரிவு தோட்டத்தில் நிலைபெற்றது.

முதுகிற் சுமக்கும் தாங்கி ஏறத்தாழ 15 லீற்றர் கொள்வது. நிரப்பிய நிலையில் அதன் எடை 20 கிலோவை அண்மிக்கும். ஒரு கையால் நெம்பியை அழுத்திக்கொண்டும், மறுகையால் தெளிகோலைப் பிடித்துக்கொண்டும், செங்குத்தான சரிவில், செடிக்கும் செடிக்கும் இடையே கால்வைக்க இடந்தேடி நடக்கவேண்டும். தெளிகோல் முன்னே நீட்டப்பட்டிருப்பதால் தான் தெளித்த ஈரத்துள்ளேயே அவர் அடுத்த அடியை வைக்கிறார். தொடையும் முழங்காலும் பாதமும் நனைகின்றன. தாங்கியின் மூடியோ இணைப்போ சிறிது கசிந்தாலும் முதுகும் இடுப்பும் நனைகின்றன. தெளிவாய் அடைத்துக்கொண்டால் வாயால் ஊதிச் சீர்செய்யும் வழக்கமும் இருந்துவந்தது. பீடைகொல்லி உடலுட் செல்லும் பிரதான வழி மூக்கு அன்று, தோலே என்பது தொழில்சார் மருத்துவம் நெடுநாட்களுக்கு முன்னரே நிறுவிய உண்மை. வாயையும் மூக்கையும் துணியாற் கட்டிக்கொண்டு, நனைந்த காற்சட்டையுடன் நாள்முழுதும் நிற்பவர் தம்மைக் காத்துக்கொண்டதாகக் கருதுவாராயின் அது தவறான மனநிறைவே.

இலங்கையில் இவ்விடயத்தை ஆய்வுக்குட்படுத்தியோருள் பேராசிரியர் ஜே. ஜெயரத்தினம் முன்னோடியாவார். 1982இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்விதழில் அவரும் இணையாசிரியர்களும் வெளியிட்ட கட்டுரை, நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சேற்றத்தால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதையும், ஏறத்தாழ 1,000 பேர் உயிரிழப்பதையும் வெளிக்கொணர்ந்தது. அவற்றுட் பெரும்பகுதி தற்கொலை முயற்சிகள்; எனினும் தொழிலின்போது நேர்ந்த நஞ்சேற்றமும் புறக்கணிக்கத்தக்க அளவினதாக இருக்கவில்லை. 1987இல் இலங்கை உட்பட நான்கு ஆசிய நாடுகளின் விவசாயத் தொழிலாளர்பற்றி அவர் இணைந்து வெளியிட்ட ஆய்வும் இதனையே வலியுறுத்திற்று. இவ்வகைக் கணக்கெடுப்புக்கு ஓர் எல்லை உண்டு. வைத்தியசாலையில் அனுமதிக்கப்படாதவர் அதில் இடம்பெறார். தலைச்சுற்றும் வாந்தியும் வந்து ஒரு நாட்பேரை இழந்து லயத்திற் படுத்துக்கிடந்தவரை எந்தப் புள்ளிவிபரமும் எண்ணுவதில்லை.

நோய்த்தடுப்பு அறிஞர் தொழிற்பாதுகாப்பு வழிகளை ஒரு படிவரிசையில் வைப்பர். ஆபத்தை அறவே நீக்குதல் முதலாவது. குறைந்த ஆபத்துடைய பொருளை மாற்றீடு செய்தல் அடுத்தது. ஆபத்துக்கும் மனிதனுக்கும் இடையே எந்திரவியல் தடுப்பை ஏற்படுத்தலும், வேலையின் ஒழுங்கை மாற்றியமைத்தலும் அதன்பின் வருவன. மனித உடல்மீது அணிவிக்கும் காப்பு எல்லாவற்றுக்கும் இறுதியில் வைக்கப்படுகின்றது. ஏனைய தடுப்புகள் தவறியபின் நஞ்சுக்கும் தோலுக்கும் இடையே எஞ்சிநிற்பது ஒரு கையுறையின் தடிப்பு மட்டுமே என்பதே காரணம். தோட்டங்களிலோ இவ்வரிசை தலைகீழாக நிற்பதைக் காண்கிறோம். கையுறையும் முகமூடியும் முதலில் வழங்கப்படுகின்றன. அவை அணியப்படாதபோது தொழிலாளியின் அறியாமை குறைகூறப்படுகின்றது.

அவை ஏன் அணியப்படுவதில்லை என்பதற்கு அறியாமையைவிட வலிமையான காரணங்கள் உள. சமதரையிலும் குளிர்நாட்டிலும் உழவு எந்திரத்தில் அமர்ந்திருப்பவரை மனத்திற்கொண்டு அமைக்கப்பட்ட நீர்புகா உடை, 20 கிலோவைச் சுமந்து மலையேறுபவருக்கு உள்ளிருந்து அவிக்கும் பானையாகின்றது. மூச்சு வாங்குகையில் முகமூடி மூச்சையடைக்கின்றது. பனிமூட்டத்தில் கண்ணாடி மங்குகின்றது. வழுக்குப் பாறையில் கால்வைக்கும் இடம் தெரியாதவர் கண்ணாடியைக் கழற்றாமல் என் செய்வார்? ஐக்கிய நாடுகள் உணவு விவசாய அமைப்பு 1985இல் ஏற்றுப் பின்னர் திருத்தியமைத்த பீடைகொல்லி நடத்தைக் கோவை, அணிவதற்கு அசௌகரியமான, விலைமிக்க, எளிதிற் கிடைக்காத காப்பு உடை தேவைப்படும் பீடைகொல்லிகளை வெப்பநாடுகளின் சிறு விவசாயிகளும் பண்ணைத் தொழிலாளரும் பயன்படுத்துவது தவிர்க்கப்படவேண்டும் எனக் கூறுகின்றது. காப்பு உடை தாங்கமுடியாததாயின் மாற்றவேண்டியது மனிதனை அன்று, மருந்தையே என்பது இதன் பொருள். இலங்கையின் 1980ஆம் ஆண்டு 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் மிகக் கொடிய சேர்வைகள் பல காலத்துக்குக் காலம் விலக்கப்பட்டன. பரக்குவாற் 2008 முதல் 2011 வரையில் படிப்படியாக நிறுத்தப்பட்டது. இத்தடைகள் காத்த உயிர்களின் தொகை, வழங்கப்பட்ட கையுறைகள் காத்ததிலும் பன்மடங்கு அதிகம் என நாம் ஐயமின்றிக் கூறலாம்.

இப்பின்னணியில் ட்ரோனின் வருகையை நோக்குமிடத்து, அதனை வெறுமனே எதிர்ப்பதற்கு முற்போக்காளர் எவருக்கும் நியாயமில்லை. தெளிப்பவரை நஞ்சின் ஈரத்திலிருந்து விலக்கி நிறுத்தும் உண்மையான எந்திரவியல் தடுப்பு அது. ஒரு ஹெக்டயருக்கு 300 லீற்றர் கரைசல் வேண்டுமெனக் கொண்டால், 15 லீற்றர்த் தாங்கியை 20 முறை நிரப்பி ஒருவர் மலையேறவேண்டும். அச்சுமை முதுகிலிருந்து இறங்கிவிடுகின்றது. 1987இல் ஜப்பானின் யமகா நிறுவனம் ஆளில்லாச் சிறு ஹெலிகொப்ரரை நெல்வயல்களுக்கென விற்பனைக்குக் கொணர்ந்தபோது அங்கு முதியோர் மட்டுமே வயலில் எஞ்சிக்கொண்டிருந்தனர். மலையகத்திலும் இளைஞர் தோட்டத்தைவிட்டுக் கொழும்புக்கும் வெளிநாடுகளுக்கும் செல்வதால் ஏற்பட்டுள்ள ஆட்குறையே கம்பனிகள் இவ்வெந்திரத்தை நாடுவதற்கு முதற்காரணம். தொழிலாளர் நலம் இரண்டாவதாகவே பேசப்படுகின்றது என்பதை இங்கு ஒரு புறக்குறிப்பாக வைக்கிறோம்.

செலுத்துநருக்கான சாதனங்களை இனி நோக்கலாம். 30 லீற்றர்த் தாங்கி கொண்ட ட்ரோன் நிரப்பிய நிலையில் 60 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. அதன் கரிநார் விசிறிகள் சுழலும்போது மனித உறுப்பை வெட்டவல்லவை. ஆதலின் தலைக்கவசமும் உடைபடாக் கண்ணாடியும் இன்றியமையாதன. எந்திரத்திலிருந்து பல மீற்றர் விலகி, காற்று வரும் பக்கத்தில் நிற்றல் வேண்டும். ஒளிரும் மேலங்கி செலுத்துநரைப் பிறர் காண்பதற்காக. மலையகத்தைப் பொறுத்தவரை இவை அனைத்திலும் முக்கியமானது நல்ல பிடிமானமுள்ள சப்பாத்து என்பது எமது கருத்து. வானத்தை அண்ணாந்து நோக்கியவாறு சரிவில் நகர்பவர் தடுக்கி விழுவதற்கு எந்தத் தொழில்நுட்பக் கோளாறும் தேவையில்லை. வெயிலுக்கு ஏற்ற நிறக்கண்ணாடியும் வேண்டும்.

பற்றரி தனியாகக் கவனிக்கத்தக்கது. பறக்கும் ட்ரோன்களில் பயன்படும் லிதியம் பற்றரி அடிபட்டாலோ, உப்பிப்போனாலோ, அளவுமீறி மின்னேற்றப்பட்டாலோ தானாகவே தீப்பற்றக்கூடும். பற்றினால் எளிதில் அணையாது. வெளிவரும் புகை நுரையீரலுக்கு நஞ்சு. மின்னேற்றும் இடம் மருந்துக் களஞ்சியத்திலிருந்தும் லயத்திலிருந்தும் விலகியிருத்தல், உலர் மணல் வாளி அருகிலிருத்தல், உலோகப் பெட்டியிற் பற்றரியை வைத்தல், வெப்பந்தாங்கும் கையுறை ஆகியன பாதுகாப்புச் சாதனங்களுள் அடங்கும். வேலை வேகத்துக்காக மலையிலேயே மின்பிறப்பாக்கி கொண்டு மின்னேற்றும்போது, ஹற்றன் பகுதியின் திடீர் மழை இவையனைத்தையும் நனைத்துவிடும் என்பதையும் கருத்திற் கொள்ளவேண்டும்.

தொழிற்கூட ஏடுகளில் இடம்பெறாத மலையக ஆபத்துகள் சில உள. மலைச்சரிவுகளில் கிரவிலியா நிழல்மரங்கள் கொழுந்து மட்டத்திலிருந்து உயர்ந்து நிற்கின்றன. மின்கம்பிகள் பள்ளத்தாக்கைக் குறுக்கறுத்துச் செல்கின்றன. மெல்லிய கம்பியை எந்திரத்தின் உணர்கருவி தவறவிடக்கூடும். பத்து நிமிடத்தில் மலையை மூடிவிடும் பனியில் எந்திரம் கண்ணுக்குப் புலப்படாது போகின்றது. ஆதலின் எதிர்ச்சரிவில் நின்று நோக்கித் தெரிவிக்கும் துணையாள் ஒருவரும் தொடர்புக் கருவியும் இருத்தல் தலைக்கவசத்துக்கு நிகரான காப்பாகும். மேலும், குளவித் தாக்குதல் மலையகத்தில் ஆண்டுதோறும் தொழிலாளரைக் காயப்படுத்தியும் சிலவேளை உயிர் பறித்தும் வருவதை நாம் அறிவோம். குளவிக் கூடுள்ள மரத்தருகே பெருங்காற்றைக் கிளப்பும் எந்திரத்தைச் செலுத்தினால், கலைந்த குளவிகள் தேடிச்செல்வது அருகே கொழுந்தெடுப்போரையே. பறப்புக்கு முன்னர் கூடுகள் எங்குள்ளன என்பதை அம்மலையில் வேலைசெய்யும் பெண்களிடம் கேட்டறிதல் எவ்விதச் செலவுமற்ற பாதுகாப்பு நடவடிக்கை. எந்திரம் கம்பியில் மோதி ஓடைப்பள்ளத்தில் வீழ்ந்தால், நஞ்சுத் தாங்கியும் சேதமுற்ற பற்றரியும் ஒருங்கே கிடக்கும் அதனை எடுத்துவர இறக்கப்படுபவர் யார் என்பதும் முன்கூட்டியே தீர்மானிக்கப்படவேண்டியது. பெரும்பாலும் அவர் செலுத்துநராக இருக்கமாட்டார்.

இங்கேதான் இவ்விடயத்தின் மையத்தை நாம் அணுகுகிறோம். ட்ரோன் 300 லீற்றர் நீரைச் சுமக்க இயலாது. ஒரு ஹெக்டயருக்கு 20 லீற்றர் அளவிலேயே அது தெளிக்கவேண்டியுள்ளது. ஹெக்டயருக்கு வேண்டிய மருந்தின் அளவோ அவ்வாறே இருக்கின்றது. ஒரு கிலோ மருந்தை 300 லீற்றரிற் கரைத்தால் லீற்றருக்கு மூன்று கிராமுக்குச் சற்று அதிகம்; 20 லீற்றரிற் கரைத்தால் 50 கிராம். செறிவு பதினைந்து மடங்காகின்றது. முதுகுத் தாங்கியிலிருந்து கையிற் சிந்திய ஒரு மிடறு கரைசலும் ட்ரோன் தாங்கியிலிருந்து சிந்திய ஒரு மிடறு கரைசலும் ஒன்றல்ல. அதுமட்டுமன்று. நாளொன்றுக்குப் பத்து ஹெக்டயர் தெளிக்கப்படுமாயின், முன்னர் பலர் பல நாட்களிற் கையாண்ட பத்துக் கிலோ மருந்தையும் ஒரேநாளிற் பிரித்து, அளந்து, கலக்கி ஊற்றுபவர் ஒருவராகவே இருப்பார். எந்திரம் பல நிமிடங்களுக்கொருமுறை தரையிறங்கி நிற்கின்றது. விரைந்து நிரப்புமாறு அவர் அவசரப்படுத்தப்படுகிறார். விசிறி முற்றாக ஓயுமுன் கையில் வாளியுடன் அதனை நெருங்குபவரும் அவரே. எந்திரத்தின் கால்களிலும் கைகளிலும் படிந்து காய்ந்த மருந்தைத் தொட்டுத் தூக்குபவரும், மாலையிற் கழுவுபவரும் அவரே.

ஆபத்து ஒழிக்கப்படவில்லை; இடம்மாறியுள்ளது. பலர் முதுகில் ஐதாகப் பரந்திருந்தது ஒருவர் கையில் செறிவாகச் சேர்ந்துள்ளது. எந்திரத்தின் பெயரால் வழங்கப்படும் சாதனப் பட்டியலோ செலுத்துநரை நோக்கியே எழுதப்படுகின்றது. அவர் பயிற்சி பெற்றவர், அனுமதிப்பத்திரம் உடையவர், விலையுயர்ந்த எந்திரத்துக்குப் பொறுப்பாளர். கலக்குபவரோ அன்றைய பெரட்டில் கைகாட்டி அழைக்கப்பட்ட எவரோ ஒருவர்.

கலக்குபவருக்கு வேண்டிய காப்பு செலுத்துநரினதிலிருந்து வேறுபட்டது. பருத்திக் கையுறையும் தோற்கையுறையும் மருந்தை உறிஞ்சித் தோலோடு சேர்த்துவைப்பன. அவை வெறுங்கையைவிடத் தீங்கானவையாகவும் அமையலாம். நைற்றைல் போன்ற இரசாயனந் தாங்கும் செயற்கை இறப்பர்க் கையுறை, முழங்கை வரை நீண்டதாக, அவர் கையளவுக்குப் பொருந்துவதாக இருத்தல் வேண்டும். கழற்றுமுன் கையுறையோடு கையைக் கழுவவேண்டும். அன்றேல் கழற்றும் கை நனையும். முகம் முழுவதையும் மறைக்கும் ஒளிபுகு தகடு, மார்பிலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை நீளும் நீர்புகா முன்றானை, இறப்பர்ச் சப்பாத்து, சப்பாத்தின் வெளியே விடப்பட்ட காற்சட்டை ஆகியன ஏனையவை. காற்சட்டையைச் சப்பாத்தினுள் திணித்தால் வழிந்த மருந்து உள்ளே தேங்கும். உரக்கரைசல்தானே என்ற அலட்சியமும் இங்கு பொருந்தாது. தேயிலைக்கு இலைவழி ஊட்டப்படும் நாகசல்பேற்று கண்ணைக் கடுமையாகப் பாதிக்கவல்லது. செப்புச் சேர்வைத் தூளும் கண்ணை உறுத்தும். கலக்குபவர் மலையேறுவதில்லை, நிழலில் ஓரிடத்திலேயே நிற்கிறார். எனவே முதுகுத் தாங்கிக்காரருக்குத் தாங்கமுடியாதிருந்த காப்பு உடை இவருக்குத் தாங்கக்கூடியதே. ட்ரோன் தந்துள்ள இந்த வாய்ப்பைப் பயன்படுத்தாது விடுவதற்குச் செலவைத் தவிர வேறு காரணத்தைக் காண்பதற்கில்லை.

அதனினும் மேலான வழி, மருந்தைத் திறந்து ஊற்றாமலே கொள்கலனிலிருந்து தாங்கிக்குக் குழாய்வழி மாற்றும் மூடிய அமைப்பாகும். அவ்வமைப்பின் விலை ட்ரோனின் விலையோடு ஒப்பிடத்தக்கதன்று. அத்துடன் நீர், சவர்க்காரம், உடைமாற்றும் அறை என்பனவும் வேண்டும். மருந்து படிந்த உடையை வீட்டுக்குக் கொண்டுசென்று, பீலியடியில் குழந்தைகளின் துணியோடு சேர்த்து மனைவியோ தாயோ கையாற் கசக்கித் துவைக்கும் நிலை இருக்கும்வரை, வழங்கப்பட்ட எந்தக் கையுறையும் ஒரு குடும்பத்தின் ஒருவரை மட்டுமே, அதுவும் அரை நாளைக்கு மட்டுமே காக்கின்றது. உடையைத் துவைத்தல் தோட்டத்தின் வேலையாகவே ஏற்கப்படவேண்டும்.

ட்ரோனால் முதுகுத் தாங்கி ஒழிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பும் முழுதும் சரியன்று. ட்ரோன் மேலிருந்து இலைப்பரப்பின்மீது தெளிக்கின்றது. கொப்புள நோய் மருந்துக்கும் இலையுரத்துக்கும் அது பொருந்தும். களைநாசினியோ கொழுந்திற் படாமல் செடியின் அடியில், வரிசைகளுக்கு இடையே, காண் ஓரங்களிற் படவேண்டியது. அதனை வானிலிருந்து தெளித்தல் தேயிலையையே அழிப்பதாகும். கிளைபோசேற் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மீள அனுமதிக்கப்பட்டது. 2021இல் இரசாயன இறக்குமதிகள் யாவும் தடைப்பட்டு அவ்வாண்டு முடியுமுன்னரே கொள்கை கைவிடப்பட்டது. இத்தனை திருப்பங்களுக்கிடையிலும் களைநாசினி தெளிப்பவர் கருவி முதுகுத் தாங்கியாகவே இருந்துவந்தது. மேலே பறக்கும் புதுமையைக் கண்டு அடியில் நடப்பவரை மறந்துவிடும் அபாயம் இதிலுண்டு.

எந்திரத்தின் கீழுள்ள மக்கள் பற்றியும் சில கூறவேண்டும். கேரளத்தின் காசர்கோட்டில் அரசுடைமை முந்திரித் தோட்டங்களின்மீது 1970களின் பிற்பகுதியிலிருந்து 2000ஆம் ஆண்டு வரை ஹெலிகொப்ரரால் எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. அத்துயரக் கதையில் விமானியின் பாதுகாப்பு ஒரு பிரச்சினையாக எழவில்லை. கீழே குடியிருந்தோரின் கிணறும் ஓடையும் குழந்தைகளுமே பிரச்சினையாயின. 2011இல் இந்திய உயர் நீதிமன்றம் அந்நஞ்சைத் தடைசெய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2009ஆம் ஆண்டின் பணிப்புரையொன்றால் வானிலிருந்து தெளித்தலைப் பொதுவிதியாக விலக்கி, வேறு வழியற்ற இடங்களுக்கு மட்டும் விதிவிலக்கு அளித்தது. செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள் அவ்வகையின. ஹெலிகொப்ரரை விட ட்ரோன் மிகத் தாழ்வாக, இலைக்கு இரண்டு மூன்று மீற்றர் மேலே பறப்பதால் மருந்து சிதறுவது குறைவு என்பது உண்மையே. எனினும் அதன் துளிகள் நுண்ணியவை; மலையிடுக்குகளிற் காற்றுத் திசைமாறுவது கணப்பொழுதில். மலையகத்திலோ லயம் கொழுந்து மலைக்கு அப்பாலில்லை, உள்ளேயே இருக்கின்றது. பீலிக்கு வரும் நீர் அதே மலையின் ஊற்றிலிருந்து வருகின்றது. தெளிக்கும் நாளை முன்னரே பெரட்டில் அறிவித்தல், மலை எல்லையில் கொடி நாட்டல், ஓடைக்கும் லயத்துக்கும் இடைவெளி விடுதல், உரிய கால எல்லை கழியுமுன் கொழுந்தெடுப்போரை அம்மலைக்கு அனுப்பாதிருத்தல் ஆகியனவும் பாதுகாப்புச் சாதனங்களே. அவை உடலில் அணியப்படாதவை என்பது மட்டுமே வேறுபாடு.

சட்டத்தின் நிலை யாது? 2010ஆம் ஆண்டு 14ஆம் இலக்கச் சிவில் விமானச் சேவைச் சட்டத்தின் வழிவந்த விதிகளின்படி சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபை ட்ரோன்களை ஒழுங்குபடுத்துகின்றது. அதன் அக்கறை வான்வெளியும் நாட்டின் பாதுகாப்பும் ஆகும். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளையடுத்து ட்ரோன் பறப்புகள் நாடெங்கும் இடைநிறுத்தப்பட்டமை அதற்குச் சான்று. பீடைகொல்லிச் சட்டமோ மருந்தையும் அதன் சிட்டையையும் நோக்குகின்றது. சிட்டையிலுள்ள கலவை அளவுகள் பெரும்பாலும் தரையில் நின்று தெளிப்பதை எண்ணி எழுதப்பட்டவை. 1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தேயிலைத் தொழிற்சாலையின் கூரையின்கீழ் நிற்பவரைக் கருத்திற் கொண்டது. கொழுந்து மலையில் நிற்பவரையன்று. ஒன்று எந்திரத்தைப் பார்க்கிறது, ஒன்று மருந்தைப் பார்க்கிறது, ஒன்று கட்டடத்தைப் பார்க்கிறது. வாளியோடு நிற்பவர் இம்மூன்றுக்கும் இடையே நிற்கிறார். இந்தியாவில் 2021இல் வெளியிடப்பட்ட ட்ரோன் மருந்தடிப்பு நடைமுறை விதிகள் எந்திரத்தையும் மருந்தையும் ஒருசேர நோக்க முயன்றுள்ளமை இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது.

விவசாயத்தில் பாதுகாப்பும் சுகாதாரமும் பற்றிய 2001ஆம் ஆண்டின் 184ஆம் இலக்கச் சர்வதேசத் தொழிலாளர் சமவாயம், புதிய தொழில்நுட்பங்களால் எழும் ஆபத்துகள் பற்றித் தொழிலாளருக்கு அறிவிக்கப்படவும் அவர்களிடம் கலந்தாலோசிக்கப்படவும் உரிமையுண்டு என எட்டாம் பிரிவிற் கூறுகின்றது. உடனடியான பாரிய ஆபத்தெனக் கருத நியாயமிருப்பின் வேலையிலிருந்து விலகிக்கொள்ளும் உரிமையையும் அது ஏற்கின்றது. தொழிற்சங்கங்கள் சம்பளத் தொகைக்காகப் போராடுவது இயல்பு. அதற்கு நிகராக இவ்விடயத்தைப் பேச்சுவார்த்தை மேசைக்குக் கொணர்ந்தனவாக நாம் காணவில்லை. தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கலவை அளவையும் இலையில் மருந்து படியும் அளவையும் ஆராயுங்கால், கலக்குபவரின் கையிற் படியும் அளவையும் அளந்தறிதல் கடினமான ஆய்வன்று.

இதன் தொடக்கம் மிக எளிய இடத்திலிருக்கின்றது. ட்ரோனின் ஒவ்வொரு பறப்பும் எந்திரத்திலேயே தானாகப் பதிவாகின்றது. செலுத்திய நேரம், பரப்பு, தெளித்த லீற்றர் எல்லாம் அதிலுள. கலக்கியவரின் பெயரோ செக்றோலில் அன்றைய சில்லறை வேலைகளுள் ஒன்றாகக் கலந்துபோகக்கூடும். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பின்னொருநாள் அவர் நட்டஈடு கோருவாராயின், நோய் தொழிலால் விளைந்ததெனக் காட்டவேண்டியிருக்கும். எந்த மருந்தை, எந்த நாளில், எத்தனை தடவை கலக்கினார் என்பதற்கு அவரிடம் உள்ள சான்று அவரது நினைவு மட்டுமே. செலுத்துநரின் பறப்புப் பதிவேட்டில் ஒரு நிரல் கூடுதலாக இடப்பட்டு, அதில் கலக்கியவரின் பெயரும் அவர் அன்று அணிந்திருந்த கையுறையின் வகையும் எழுதப்பட்டு, மாலையில் அதன் பிரதியொன்று அவர் கையிற் கொடுக்கப்படவேண்டும்.